தம்பி பையில் இன்னொரு போன், தலையில் ஒரு கடன். அதை நான் கட்டிவிடலாமா?

மூத்தவள்:

என் தம்பிக்கு 15 வயது, எனக்கு 24. அப்பா இல்லை. அம்மாவுக்கு இரவு வேலை, மாலையில் கிளம்பினால் விடிந்துதான் வருவார். அம்மா வரும் நேரத்துக்கு எழுந்து, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கால் கழுவ வெந்நீர் வைத்துவிடுவான் தம்பி. எட்டு வயதிலிருந்து அப்படித்தான். நான் எழுதப்போவது அந்தப் பிள்ளையைப் பற்றி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் புது ஷூ போட்டுக்கொண்டு வந்தான். நண்பனுடையது, அவனுக்கு அளவு சரியில்லையாம் என்றான். நம்பினேன். அப்புறம் யாருடையதோ ஒரு பெரிய ஜாக்கெட். பள்ளியிலிருந்து மூன்று தடவை போன் வந்தது, ஆள் வரவில்லை என்று. கேட்டால் வயிற்றுவலி என்பான். இரண்டு தடவை இரவு முழுக்க வீட்டில் இல்லை. அம்மாவுக்கு அது தெரியாது, நான் சொல்லவில்லை. அது என் தப்பு.

போன வாரம் துணி துவைக்கும்போது அவன் பேண்ட் பாக்கெட்டில் ஒரு சாவி இருந்தது. எங்கள் வீட்டுச் சாவி இல்லை. பையில் பழைய பட்டன் போன் ஒன்று. அதில் பதிந்திருந்தது ஒரே ஒரு பெயர்: ‘அண்ணா’. எங்கள் குடும்பத்தில் அண்ணன் யாரும் கிடையாது.

ஞாயிறு இரவு உதடு வீங்கி வந்தான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரம் கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். கடைசியில் கதவைத் திறக்காமலே சொன்னான்: “பையை யாரோ பிடுங்கிட்டாங்க அக்கா. அதுக்கு நான் காசு கட்டணும்.” பையில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

அவன் சொன்ன தொகை என் இரண்டு மாதச் சம்பளம். மேற்படிப்புக்கு என்று சேர்த்து வைத்ததில் அது இருக்கிறது. கொடுத்துவிட்டால் இது முடியுமா? போலீசுக்குப் போனால் அவனைத்தான் பிடித்துக்கொண்டு போவார்களா? அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டுமாம். இன்று செவ்வாய்.

நேர்வழி:

அம்மா, பாசம் பார்க்கும் நேரம் இல்லை இது. அந்தப் போனைப் பிடுங்கி உடைத்துப் போடுங்கள். வீட்டில் ஏதாவது பொட்டலம் ஒளித்து வைத்திருந்தால் கழிவறையில் கொட்டித் தண்ணீரை இழுத்துவிடுங்கள். ஒரு மாதம் வெளியே விடாதீர்கள். கண்டிப்பு இல்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் இப்படிப் போகிறார்கள்.

அலைவரிசை:

சகோதரி, நேர்வழி ஐயா சொன்ன முதல் இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஐயா, உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது, பெற்றவர்கள் எல்லோருக்கும் கை முதலில் அங்கேதான் போகும். ஆனால் பொட்டலத்தைக் கொட்டினால் அதன் விலையும் அந்தப் பையன் கணக்கில்தான் ஏறும். போனை உடைத்தால் அவன் ஓடிவிட்டான் என்றோ போலீசிடம் போய்விட்டான் என்றோ அவர்கள் நினைப்பார்கள். அடுத்த அடி அதற்காக விழும்.

நான் பிரிட்டனில் இளைஞர் நலப் பணியாளர். 11 ஆண்டுகளாக, போதைப்பொருள் தூக்க வைக்கும் கும்பல்களின் வலையில் சிக்கிய பிள்ளைகளோடுதான் என் வேலை. இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

கடனைக் கட்டாதீர்கள்.

அந்தப் பையைப் பிடுங்கியது யார்? நான் கேட்ட கதைகளில் திரும்பத் திரும்ப வந்த பதில் இதுதான்: பையைக் கொடுத்தவனே, பிடுங்கவும் ஆள் அனுப்பியிருப்பான். பையன் அழுதுகொண்டே ‘அண்ணா’விடம் ஓடுவான். அண்ணா கோபப்படக்கூட மாட்டார். “பரவாயில்லடா, வேலை செஞ்சு கழிச்சுடு” என்பார். அதுவரை ஷூவுக்கும் பாராட்டுக்கும் வேலை செய்த பிள்ளை, அந்த நிமிடத்திலிருந்து கடனாளி. இனிச் சம்பளமும் கிடையாது, விலகவும் முடியாது. அவர்கள் கடன் என்று சொல்வது பிள்ளையைக் கட்டி வைக்கும் கயிறு, சகோதரி. நீங்கள் காசு கொடுத்தால் இந்தக் கயிற்றுக்கு இழுக்க இன்னொரு முனையும் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்த வியாபாரம் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், தம்பியின் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் அதைக் கேட்டால் திசை மாறும். பிரிட்டனில் இதற்கு ‘கவுண்டி லைன்ஸ்’ என்று பெயர். ‘லைன்’ என்பது ஒரு போன் எண். வாங்குகிறவர்கள் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள், அதனால் அந்த எண்ணுக்கே விலை உண்டு. அதை வைத்திருப்பவன் பெருநகரத்தில் இருந்துகொண்டு சரக்கைத் தொடவே மாட்டான். சரக்கோடு ரயில் ஏறிச் சிறிய ஊர்களுக்குப் போவதும், கதவைத் தட்டுவதும், போலீஸ் கையில் மாட்டுவதும் பதினைந்து வயதுப் பிள்ளைகள். அங்கே தங்க ஒரு இடம் வேண்டுமே, அதற்குத் தனியாக வாழும் ஒரு நோயாளியையோ போதைக்கு அடிமையானவரையோ பிடித்து அவர் வீட்டையே ஆக்கிரமித்துக்கொள்வார்கள். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுமே, அந்த மாதிரி. ஆங்கிலத்திலும் குயிலினத்துப் பறவை ஒன்றின் பெயரால்தான் இதைக் குறிப்பிடுகிறார்கள். தம்பி பாக்கெட்டில் இருந்த சாவி அப்படி ஒரு வீட்டுச் சாவியாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இதைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களிடம் அந்தச் சாவியைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த வீட்டுக்குள் இன்னொருவரும் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

ஏன் பிள்ளைகள்? கொஞ்சம் கொடுத்தால் போதும், பயமுறுத்துவது சுலபம், பிடிபட்டாலும் சட்டம் அவர்களிடம் மென்மையாக இருக்கும். சுவீடனில் நெடுங்காலமாக 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் குற்றத் தண்டனை கிடையாது என்பதுதான் சட்டமாக இருந்தது. அந்தக் கோட்டைத் தெரிந்து வைத்துக்கொண்டே அங்குள்ள கும்பல்கள் 13, 14 வயதுப் பிள்ளைகளை ஆப்கள் வழியாகப் பிடிக்கின்றன. பொட்டலம் தூக்க மட்டும் இல்லை, சுடுவதற்கும் குண்டு வைப்பதற்கும்கூட. இது எல்லை தாண்டிப் போனதால் 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல், சுவீடன் தலைமையில் பல நாடுகளைச் சேர்த்து இதற்கென்றே ஒரு தனிப்படை அமைத்தது. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. உங்கள் வீட்டில் நடப்பது உங்கள் வளர்ப்பில் வந்த ஓட்டை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்காகத்தான்.

2020-இல் பிரிட்டனில் அரசின் குழந்தைப் பாதுகாப்பு ஆய்வுக் குழு, இப்படிச் சிக்கிக் கொல்லப்பட்ட அல்லது பெரும் காயத்துக்கு ஆளான 21 பிள்ளைகளின் கதைகளை ஆராய்ந்தது. அவர்களில் பலர் அதற்கு முன் சமூகநலத் துறையின் பார்வைக்கே வராதவர்கள். அதாவது ‘இந்தப் பிள்ளை இப்படிப் போகும்’ என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆபத்து கூடிய இடமாக அந்தக் குழு சுட்டிக்காட்டியது பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட நேரத்தை. ஏறக்குறைய எல்லாக் கதைகளிலும் காப்பாகத் தெரிந்தது, பிள்ளையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற குடும்பம். அந்த ஒரு மணி நேரம் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தீர்களே, நீங்கள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்கள்.

சரி, இன்று இரவு என்ன செய்வது? ‘ஏன் செய்தாய்’ என்று கேட்காதீர்கள். அதற்கு அவனிடம் பதில் இருக்காது, வெட்கம்தான் இருக்கும். “உனக்காகப் பயப்படுகிறாயா, எங்களுக்காகப் பயப்படுகிறாயா?” என்று கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் வாய் திறக்காததற்குக் காரணம், “உன் அக்கா எந்த பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள் என்று எங்களுக்குத் தெரியும்” என்று யாரோ சொல்லியிருப்பது. அந்த ‘அண்ணா’வை நீங்கள் தேடிப் போகாதீர்கள், அந்தப் போனிலிருந்து எதுவும் பேசாதீர்கள். எண், அழைப்பு வந்த நேரம், அவன் வராத இரவுகள், காயம், இவற்றைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். காயத்தைப் படம் எடுங்கள், அவனிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

அப்புறம் குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்குக் கூப்பிடுங்கள். இந்தியா என்றால் 1098, இலங்கை என்றால் 1929, பிரிட்டனில் பிள்ளையே பேசுவதற்கு 0800 1111. மற்ற நாடுகளிலும் இப்படி ஒன்று பெரும்பாலும் இருக்கும். கூப்பிடும்போது நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் முக்கியம். “என் தம்பி போதைப்பொருள் விற்கிறான்” என்று ஆரம்பித்தால் அது ஒரு மேசைக்குப் போகும். “பெரியவர்கள் என் தம்பியை மிரட்டிப் போதைப்பொருள் தூக்க வைக்கிறார்கள், வெள்ளிக்கிழமை கெடு வைத்திருக்கிறார்கள், அவன் அடிபட்டிருக்கிறான்” என்றால் வேறு மேசைக்குப் போகும். இரண்டும் ஒரே வீட்டைப் பற்றியவை, ஆனால் இரண்டாவதுதான் முழு உண்மை. யாராவது வாசலில் வந்து நின்றால் மட்டும் யோசிக்காமல் அவசர எண்ணுக்கு அடியுங்கள்.

இருபிள்ளைத்தாய்:

கண்ணு, நான் கட்டினேன். அதனால் சொல்கிறேன்.

என் பெரியவனுக்கு அப்போது 16. அவனும் பையைத் தொலைத்துவிட்டேன் என்றுதான் சொன்னான். அவன் அப்பாவிடம் சொல்லப் பயந்து, இருந்த சேமிப்பை எடுத்து ஒரு கவரில் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினவன் இருபது வயதுக்கு மேல் இருக்க மாட்டான். “ரொம்ப நன்றிம்மா, கவலைப்படாதீங்க, நம்ம பையன்தான்” என்றான். அந்த ‘நம்ம பையன்’ இன்றைக்கும் காதில் நிற்கிறது. அவ்வளவு மரியாதையாகப் பேசினானே, முடிந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்து தூங்கினேன். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் தூங்கினேன்.

பதினோராம் நாள் இன்னொரு பை தொலைந்தது. இந்தத் தடவை தொகை இரட்டிப்பு. அதையும் கட்டினேன். மூன்றாவது தடவை என்னிடம் இல்லை. அப்போதுதான் என் மகன் சொன்னான், “நீ கட்டக் கட்டத்தான்மா கேக்கறாங்க. முதல்லயே உன்கிட்ட சொல்லிருக்கக் கூடாது” என்று. அவன் என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறான், நான் அவனைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறேன், இரண்டு பேருமாகச் சேர்ந்து அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இதற்கு நடுவில் அவன் படித்த பள்ளி அவனை நீக்கிவிட்டது. மற்றப் பிள்ளைகளுக்கு ஆபத்து என்றார்கள். காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை அவன் இருக்க வேண்டிய ஒரே பாதுகாப்பான இடத்தின் கதவு அன்றைக்குச் சாத்தியது. மறுநாளிலிருந்து அவன் முழு நாளும் அவர்களுக்குத்தான். அவனை நீக்கிய தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை, ஆனால் அந்த ஒரு கையெழுத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. உன் தம்பி பள்ளியில் உனக்கு நம்பிக்கையான ஒரு ஆசிரியர் இருந்தால், அவர்கள் முடிவு எடுப்பதற்கு முன்னால் நீயே போய்ப் பேசு.

உறவினர் வீட்டுக்கு அனுப்பினால் சரியாகிவிடும் என்று இங்கே யாராவது சொல்வார்கள். நானும் அனுப்பினேன். நான்கு மாதம் நன்றாக இருந்தான். பழைய எண்ணையே வைத்திருந்தான், அதன் வழியாகவே தேடிப் பிடித்துவிட்டார்கள். அப்புறம்தான் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனோம். எண்ணை மாற்றினோம், அவனுக்கென்று ஒரு பணியாளர் வந்தார். வாரம் ஒரு தடவை, ஒன்றரை வருடம். ஒரு நாள் கூட அவர் தவறவில்லை. இப்போது மகனுக்கு 19. வேலைக்குப் போகிறான். இன்னும் போன் அடித்தால் திரும்பிப் பார்ப்பான்.

அம்மாவிடம் இன்றே சொல், கண்ணு. அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நீ நினைக்கிறாய். அவர் முன்னாலேயே தெரிந்துகொண்டு உன்னிடம் மறைத்துக்கொண்டிருக்கலாம்.

கறுப்புக்கோட்டு:

போலீஸ் கேள்விக்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். உங்கள் நாட்டுச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் இலவசச் சட்ட உதவி உண்டு.

“அவனாகத்தானே போனான்” என்று யாராவது சொன்னால் அசராதீர்கள். 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. ஆள்கடத்தல் தடுப்பு நெறிமுறையின்படி, சுரண்டுவதற்காக 18 வயதுக்குட்பட்ட ஒருவரைச் சேர்த்துக்கொண்டாலே அது ஆள்கடத்தல். மிரட்டினார்கள், ஏமாற்றினார்கள் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை, பிள்ளையின் சம்மதமும் கணக்கில் வராது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 182-ஆம் உடன்படிக்கை, 1999-இல் வந்தது, போதைப்பொருள் உற்பத்திக்கும் கடத்தலுக்கும் பிள்ளைகளைப் பயன்படுத்துவதைக் குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2020-இல் அந்த அமைப்பின் 187 உறுப்பு நாடுகளும் அதை ஏற்று முடித்தன. ஆக, தம்பியைச் செய்ய வைத்ததும் ஒரு குற்றம், செய்ய வைத்தவன் மீதான குற்றம்.

உள்நாட்டுச் சட்டங்களிலும் இது இருக்கிறது. இந்தியாவில் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு, போதைப்பொருளை விற்கவோ தூக்கவோ கடத்தவோ ஒரு குழந்தையைப் பயன்படுத்துகிறவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 நவீன அடிமைமுறைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, சுரண்டப்பட்டதன் நேரடி விளைவாகக் குற்றம் செய்த பிள்ளைக்கு, வழக்கில் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு சட்ட வாதம் தருகிறது. கொலை போன்ற பெருங்குற்றங்களுக்கு அது பொருந்தாது.

ஆனால் தாளில் இருப்பதெல்லாம் காவல் நிலையத்தில் தானாக நடந்துவிடாது. அதனால்தான் அலைவரிசை சொன்ன வரிசை சரி. பிடிபடுவதற்கு முன்னால் ‘இந்தப் பிள்ளை பாதிக்கப்பட்டவன்’ என்ற பதிவு ஓரிடத்தில் இருந்தால், பிறகு எது நடந்தாலும் வழக்கின் முகம் வேறு. வீட்டில் பொட்டலம் ஏதாவது இருப்பது தெரிந்தால் ஒரு நாள் கூட வைத்துக்கொள்ளாமல், கொட்டவும் செய்யாமல், வழக்கறிஞர் மூலம் முறையாக ஒப்படையுங்கள். தம்பியை எந்த வாக்குமூலத்துக்கும் தனியாக உட்கார விடாதீர்கள்.

திரும்பிவந்தவன்:

அக்கா, நான் இந்தத் தளத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு இப்போது 22. உங்கள் தம்பி இருக்கும் இடத்தில் 13 வயதில் நான் இருந்தேன்.

காசுக்காகப் போனேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த ஆள் முதல் நாள் என்னிடம் கேட்டது, “சாப்பிட்டியா?” இரண்டாவது வாரம், “கணக்குப் பரீட்சை என்னாச்சு?” என் பரீட்சைத் தேதி அந்த வருடம் ஞாபகம் இருந்தது அந்த ஒரு ஆளுக்குத்தான். அதனால்தான் உங்கள் தம்பி போனில் ‘அண்ணா’ என்று இருந்ததாக எழுதியதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. என்னிடமும் அப்படித்தான் இருந்தது.

அப்புறம் ஒரு வீட்டில் ஒன்பது நாள் இருந்தேன். நாற்காலியில்தான் தூக்கம், ஷூவைக் கழற்ற விடமாட்டார்கள், எந்த நேரமும் கிளம்ப வேண்டியிருக்கும் என்று. அந்த வீட்டுக்காரர் கால் வராத ஒரு பெரியவர். அவருடைய கட்டிலில் அவர்கள் படுத்தார்கள், அவர் சமையலறைத் தரையில் படுத்தார். ஒரு ராத்திரி எனக்குப் போர்த்திக்கொள்ள அவருடைய சட்டையைக் கொடுத்தார். அவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்தச் சாவி விஷயத்தை விட்டுவிடாதீர்கள் அக்கா.

ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்பார்கள். நானும் பொட்டலம் தூக்கியிருக்கிறேன், நானும் இன்னொரு பையனைக் கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறேன். அதைச் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல முடியும். என்னைக் கூட்டிப்போனவனும் என்னைவிட இரண்டு வயது பெரியவன்தான். உங்கள் தம்பியிடமும் அப்படி ஏதாவது இருந்தால், அதைக் கேட்கும்போது உங்கள் முகம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

நான் வாய் திறந்தது ஆஸ்பத்திரியில். கையில் தையல் போடும்போது ஒரு நர்ஸ், தையல் முடிந்த பிறகும் போகாமல் உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. என் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது, குனிந்து கட்டிவிட்டார். அதுக்குத்தான் அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். உதடு வீங்கியிருக்கும்போதே பேசுங்கள் அக்கா. வீக்கம் வடிந்தால் அவன் வாயும் மூடிவிடும்.

இன்னொன்று. என் அத்தை எனக்கு ஒரு வாக்கியம் சொல்லி வைத்திருந்தார். “சார்ஜர் எங்க வச்சீங்க?” என்று மெசேஜ் போட்டால் அவர் உடனே கூப்பிட்டு, பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகத் திட்டி, “இந்த நிமிஷம் வீட்டுக்கு வரலைன்னா நானே வந்து இழுத்துட்டுப் போவேன்” என்பார். அப்போது கிளம்புவது என் முடிவு இல்லை, அத்தையின் கொடுமை. அவர்கள் முன்னால் மரியாதை போகாமல் எழுந்து வர அந்த வயதில் வேறு வழி கிடையாது. வீட்டுக்கு வந்த பிறகு அத்தை ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். கேட்பதில்லை என்பதுதான் ஒப்பந்தம். நான் அதை ஆறு தடவை பயன்படுத்தினேன்.

நேர்வழி:

திரும்பிவந்தவனின் பதிவை இரண்டு தடவை படித்தேன். கண்டிப்பைப் பற்றி நான் எழுதியதை அழிக்கவில்லை, ஆனால் கண்டிப்பை அந்த அத்தை பயன்படுத்திய விதம் எனக்குத் தோன்றியிருக்காது. மூத்தவள் அம்மா, பொட்டலத்தைக் கொட்டச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

மூத்தவள்:

எல்லாருடைய பதிலையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

செவ்வாய் இரவே பேசினேன். “உனக்காகப் பயப்படுகிறாயா, எங்களுக்காகவா?” என்று கேட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “அம்மா ராத்திரி தனியா நடந்து வர்றாங்கல்ல” என்றான். மூன்று மாதமாக அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அம்மாவுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறான்.

காலையில் அம்மாவிடம் மூன்று பேருமாக உட்கார்ந்து சொன்னோம். இருபிள்ளைத்தாய் சொன்னது சரி. ஷூ வந்த அன்றே அம்மாவுக்குச் சந்தேகமாம். நான் கவலைப்படுவேன் என்று என்னிடம் சொல்லவில்லையாம். அம்மா அவனை அடிக்கவில்லை. உதட்டுக்கு ஒத்தடம் கொடுத்தார்.

குழந்தைப் பாதுகாப்பு எண்ணுக்கு நான்தான் கூப்பிட்டேன். அலைவரிசை எழுதிய அந்த வாக்கியத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன், குரல் நடுங்கியதால். நல்லவேளை, பார்த்துப் படிக்க ஒன்று இருந்தது. புதன் மாலையே ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தார். சாவியைப் பற்றிச் சொன்னோம். முகவரி தெரியுமா என்று கேட்டார், தம்பி ஆமென்று தலையை ஆட்டினான். வெள்ளிக்கிழமைக் கெடுவைப் பற்றிக் காவல்துறையிடம் அவரே பேசுவதாகச் சொன்னார். வழக்கறிஞர் ஒருவரையும் ஏற்பாடு செய்தார். அம்மாவுக்கு வேலையிடத்தில் பகல் நேரம் கேட்டிருக்கிறோம், அது வரும்வரை மாமா வண்டியில் கூட்டி வருகிறார். பள்ளியில் வகுப்பாசிரியரிடம் பேசிவிட்டேன், அவர் தலைமையாசிரியரைப் பார்க்கக் கூடவே வருகிறேன் என்றார். பணம் கட்டவில்லை.

நேற்று, வியாழக்கிழமை, பள்ளி விட்டதும் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேர் அவன் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். மாலை 4:20-க்கு எனக்கு மெசேஜ் வந்தது: “சார்ஜர் எங்க வச்ச?”

நான் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவனை அப்படித் திட்டியதே இல்லை. போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தேன். மாமா போய்ச் சேரும்வரை, பதினேழு நிமிடம். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதும் அவன் மெதுவாகச் சொன்னான், “போதும் அக்கா, ஏறிட்டேன்.”

நான் வீட்டுக்கு வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரிக்கு மட்டும் நேரத்தையும் இடத்தையும் எழுதி அனுப்பினேன். நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார்.